டைமிங் வெச்சாச்சுன்னு 8,500 ரூபாய் வாங்கினாங்க. பம்ப் பிளக்கைத் தொடவே இல்லை

சேலம் பக்கம் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள், பட்டறையில் "பம்ப் டைமிங்" (பம்ப் எந்த நேரத்தில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சணும் என்ற கணக்கு) என்ற பேச்சு வந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள்.

என்னுடையது 2004 மாடல் இண்டிகா. ஏற்காட்டு வீட்டில் மேட்டைப் பார்த்து நிறுத்துவேன். போன மார்கழியில் காலையில் ஸ்டார்ட் ஆகும், உடனே அணையும், அப்புறம் பத்து தடவை செல்ஃப் அடிக்கணும். சேலத்தில் சமதளத்தில் நின்றால் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்கணும்.

சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். "டைமிங் அவுட்டுங்க சார். பம்ப்பை இறக்கி, டயல் வெச்சு செட் பண்ணிரலாம்." ரெண்டு நாள், 8,500 ரூபாய். பில்லில் "பம்ப் ஓவர்ஹால், டைமிங்" என்று ஒரே வரி. பம்ப்பைச் சோதித்த அளவுகளைக் காட்டும் கேலிபரேஷன் சீட்டு கிடையாது.

அடிவாரம் தாண்டியதுமே தகரத்தில் சுத்தியல் அடிக்கிற மாதிரி நாக்கிங். இருபது கொண்டை ஊசியில் பாதிகூட ஏறவில்லை, ஹீட் முள் மேலே. மறுநாள் காலை ஸ்டார்ட்டிங் தொல்லையும் அப்படியே.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். ரோட்டரி பம்ப்பில் நாலு பைப் கிளம்பும் இடத்துக்கு நடுவில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி டயல் கேஜை (முள் வைத்த அளவுக் கருவி) மாட்டி, இன்ஜினைப் பின்னால் சுற்றி முள் அசையாமல் நிற்கும் இடத்தில் பூஜ்யம் வைக்கணும். பிறகு முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் எழும்பியது என்று பார்க்கணும். கம்பெனி அளவு புள்ளிக்குப் பின் ரெண்டு இலக்கம் வரை இருக்கும். என் பிளக் மேலோ செம்மண்ணும் டீசலும் சேர்ந்து இறுகிய கருஞ்சாந்து. நகத்தால் சுரண்டினால்தான் பிளக்கே தெரிகிறது. பம்ப்பை இறக்கணும்னா கழற்றியாகவேண்டிய பைப் நட்டுகளும் அதே அழுக்கோடு. பம்ப்பைப் பிடித்திருக்கும் நட்டுகளில் மட்டும் புதுக் கீறல். பம்ப்பிலும் இன்ஜினிலும் நேருக்கு நேர் நிற்கவேண்டிய கம்பெனிக் கோடு ரெண்டும் ஒரு அரிசி அகலம் விலகி நின்றன. காதுக்கணக்கில் திருப்பியிருக்கிறார்கள்!

ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப் பார்க்கும் பெரியவர் ஒருவர் கதை கேட்டதும், "மேட்டுல நின்னா மட்டும்தானுங்களே?" என்றார். பில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாக உள்ளே தெரிகிற டியூபை மாட்டினார். குமிழ் குமிழாக ஓடியது. பில்டருக்கு முன்னால், டேங்க் பக்கத்து ஹோஸில் மயிரிழை வெடிப்பு. மேட்டைப் பார்த்து நின்றால் ராத்திரியில் காற்றை இழுத்து, டீசல் பின்னால் தாழ்ந்திருக்கும் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஹோஸ், கிளிப் 180 ரூபாய். பம்ப்பையும் பழைய கோட்டுக்கே கொண்டுவந்தார். "கேஜ் எங்கிட்ட இல்லைங்க. டைமிங் பெல்ட் மாத்தறப்ப டயல் வெச்சுப் பாத்துக்குங்க" என்று அவராகவே சொன்னார்.

வேலைக்கு விடுமுன் பிளக்கிலும் பைப் நட்டிலும் ஒரு பெயிண்ட் புள்ளி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரீடிங்கை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பட்டறைக்குத் திரும்பப் போனேன்.

"டயல்ல எத்தனை வந்துச்சுண்ணா?"

"சரியா இருந்துச்சுங்க."

"சரி, எத்தனை?"

"அதான் சார், சரியா இருந்துச்சுங்க."

காசு இன்னும் வரவில்லை.