குறைந்த செலவில் ஸ்னோபோர்டு: அடிப்பரப்பைப் பார்த்து வாங்குங்கள்

டொரொன்டோவில் இருந்துகொண்டு, காலிங்வுட் அருகேயுள்ள பனிச்சறுக்கு மலையான புளூ மவுண்டனுக்குக் குளிர்காலத்தில் ஆறேழு நாட்கள் மட்டும் போய்வருகிற என்னைப் போன்றவர்களுக்கு, எந்த ஸ்னோபோர்டை (பனிச்சறுக்குப் பலகையை) வாங்குவது என்ற கேள்வி கடைசியில் அதன் அடிப்பரப்பில்தான் வந்து நிற்கிறது. பழகும் நாட்களுக்கு வாடகைப் பலகையே போதும். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு, பழையது ஒன்றை வாங்கத் தேடியபோது எனக்கு ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கிடைத்தன: ஒரு காலத்தில் விலையுயர்ந்ததாக இருந்த சின்டர்டு அடிப்பரப்புப் பலகை ஒன்று; எக்ஸ்ட்ரூடட் அடிப்பரப்புள்ள சாதாரணத் தொடக்கநிலைப் பலகை மற்றொன்று. இரண்டாவதையே எடுத்தேன்.

இரண்டின் அடியும் பாலிஎதிலீன்தான். அதை உருக்கித் தகடாக இழுத்தால் எக்ஸ்ட்ரூடட். தூளாக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துக் கட்டியாக்கிச் சீவியெடுத்தால் சின்டர்டு. பின்னதில் நுண்துளைகள் இருப்பதால் மெழுகை நன்றாக உறிஞ்சி வேகமாக வழுக்கும், தேய்மானத்தையும் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த வேகம் மெழுகு இருக்கும்வரைதான். சில நாட்கள் ஓட்டியதும் விளிம்பையொட்டிச் சாம்பல் பூத்தாற்போல் வெளிறத் தொடங்கும். அப்போது இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு, சீராகப் பரப்பி, ஆறிய பின் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, தூரிகையால் தேய்த்து முடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும். இதைச் செய்யாமல் விட்ட நண்பர் ஒருவர், சமதளத்தில் பலகை நின்றுவிட, ஒரு காலை விடுவித்து உந்தி உந்தி வந்ததை, என் மலிவுப் பலகையில் நழுவியபடியே பார்த்திருக்கிறேன். என்னுடையதற்குப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் மெழுகிடுகிறேன். கீறல் விழுந்தால் பி-டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குச்சியைக் கொளுத்திச் சொட்டவிட்டு வீட்டிலேயே அடைத்துவிடுகிறேன்.

பலகையைப் பழையதாக வாங்கியதில் மிச்சம் பிடித்த பணத்தைப் புதிய பூட்ஸில் போட்டேன். பழைய பூட்ஸின் உள்ளுறை வேறொருவர் காலுக்குப் படிந்திருக்கும். முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலெழும்பினால், திருப்பங்களில் பலகை நம் சொல் கேட்காது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கில் மட்டும் கோட்டைவிட்டேன்: பலகையில் தனித்தனித் திருகுத்துளைகள் இருக்கின்றனவா, பர்ட்டன் நிறுவனத்தின் பலகைகளில் வருவது போன்ற நீண்ட பள்ளம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, பைண்டிங்கைப் பலகையில் திருகி இறுக்கப் பொருந்தும் வட்டத் தகடு தேடி இன்னொரு நாள் அலைந்தேன்.

என் அனுபவமெல்லாம் ஒன்டாரியோவின் இறுகிய, குட்டையான சரிவுகளோடு சரி. புளூ மவுண்டனின் சரிவு உயரமே 720 அடிதான். மேற்குக் கனடாவின் விஸ்லர் போன்ற நெடுஞ்சரிவுகளில் நாள் முழுக்க ஓட்டுகிறவர், மெழுகு வேலையில் ஆர்வமும் உள்ளவராக இருந்து சின்டர்டு பக்கம் சாய்ந்தால், நான் மறுத்துப் பேசமாட்டேன்.