பாலைத் தாங்கும் டிகாக்ஷன் எது?

காலை ஐந்தரைக்கு ஃபில்டரைத் திறந்து பார்க்கிறேன். மேல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியது ஊற்றியபடி நிற்கிறது. கீழே நாலு சொட்டு. இரவு ரயிலில் வந்திறங்கிய பெரியப்பா கூடத்தில் செய்தித்தாளை விரித்துவிட்டார். அன்று கைகொடுத்தது, தம்பி இத்தாலியிலிருந்து வாங்கி வந்து மூன்று மாதமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த மோக்கா பாட் என்ற அடுப்பில் வைக்கும் காபிப் பாத்திரம். ஏழு நிமிடத்தில் காபி தயார். பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "மணம் நன்றாக இருக்கிறது. பால்தான் கொஞ்சம் அதிகம்" என்றார். நான் ஊற்றியதோ வழக்கமான அளவுப் பால்.

அந்த "பால் அதிகம்" என்ற சொல்தான் என்னை அடுப்படியில் தராசு வைக்கச் செய்தது. எவர்சில்வர் ஃபில்டர், அம்மா கொடுத்த பித்தளை ஃபில்டர், மோக்கா பாட், தூளை ஊறவைத்து வலையால் அழுத்தி வடிக்கும், பரிசாக வந்த பிரெஞ்ச் பிரஸ் என்று வீட்டில் நான்கு இருக்கின்றன. எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பால் சேர்ப்பவரா, சேர்க்காதவரா என்பதைத் தீர்த்துக்கொண்டால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஃபில்டரில் 25 கிராம் தூளுக்கு 120 மில்லி தண்ணீர் ஊற்றுகிறேன். தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைக் குடித்துக்கொள்ளும்; கீழே இறங்குவது 70 மில்லி. மூன்று பேருக்கான மோக்கா பாட்டில் 15 கிராம் தூளுக்கு 100 மில்லியைப் போல வருகிறது. பிரெஞ்ச் பிரஸில் அதே 15 கிராமுக்கு 220 மில்லி. ஃபில்டர் டிகாக்ஷன் தன்னைப் போல மூன்று மடங்கு பாலைத் தாங்கும். மோக்காவில் இறங்கியதற்குச் சரிபாதி பால்தான் அளவு. மிஞ்சினால் பெரியப்பா சொன்னதுதான் நடக்கும். பிரஸில் வடித்ததில் பாலை ஊற்றினால் கிடைப்பது காபி வாசம் பட்ட பால்.

ஃபில்டரின் சூட்சுமம் நிதானத்தில் இருக்கிறது. அழுத்தம் கிடையாது; தண்ணீரின் எடை மட்டுமே. இருபது, இருபத்தைந்து நிமிடம் சொட்டுச் சொட்டாக இறங்குவதால்தான் கள்ளிச்சொட்டாக வருகிறது. தூளைப் போட்டு, அதன்மேல் வைக்கும் துளைத்தட்டான குடையை வைத்து லேசாக அழுத்தினால் போதும். பலத்தைக் காட்டினால் என் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். இறங்கிய டிகாக்ஷனை நேராக அடுப்பில் வைத்துச் சுடவைக்கவே கூடாது, கசந்துபோகும். ஆறியிருந்தால் பால் பொங்கிய சூட்டிலேயே கலந்துகொள்ள வேண்டும். இரவே போட்டு வைத்தால் அடர்த்தி குறையாது, மணம் மட்டும் காலைக்குள் பாதியாகிவிடும்.

பித்தளையா, எவர்சில்வரா என்ற சண்டை எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக நடக்கிறது. பித்தளையில் சுவை கூடும் என்று அம்மா சத்தியம் செய்வார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கனமான பித்தளை, முதலில் ஊற்றும் தண்ணீரின் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். வெந்நீரில் ஒருமுறை அலசிவிட்டுத் தூளைப் போட்டால் அந்தக் குறையும் இல்லை. பித்தளையில் கவனிக்க வேண்டியது வேறு: காபியில் புளிப்பு உண்டு, ஆகவே உட்புறம் பூச்சு இருக்க வேண்டும். ஈயம் பூசுதல் என்று பேச்சில் சொன்னாலும் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்திருந்தால் நஞ்சு. அதைப் பார்த்துச் செய்யும் ஆள் கிடைக்காவிட்டால் பித்தளை அலமாரியில் அழகாக இருக்கட்டும். சுவையைத் தீர்மானிப்பது உலோகத்தைவிடத் துளைகள்தான். சீராகவும் நுண்ணியதாகவும் இருக்கிறதா என்று கடையிலேயே வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

மோக்கா பாட், அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பெயரோடு 1933இல் இத்தாலியில் வந்தது. கீழ் அறையில் தண்ணீர், நடுவில் தூள், மேல் அறை காலி. நீராவி வெந்நீரைத் தூளின் வழியாக மேலே தள்ளுகிறது. நம் ஃபில்டரைத் தலைகீழாக நிறுத்தியது போல. அதன் அழுத்தம் 1 முதல் 2 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரைதான். எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தில் அது 9 பார். எனவே இதை வீட்டு எஸ்பிரெஸ்ஸோ என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். நம் அடுப்படியில் இதற்கு இரண்டு தொல்லைகள். சின்ன அடிப்பாகம் எரிவாயு அடுப்பின் கால்களுக்கு நடுவில் சரியும். மேலே வைக்க ஒரு சிறு வலைத்தட்டு வேண்டும். அலுமினியப் பாத்திரமென்றால் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. சிறுதீ, சிக்கரி இல்லாத தூள், ஃபில்டர் தூளைவிடச் சற்றுக் கொரகொரப்பு: இந்த மூன்றும் அமைந்தால் நல்ல காபி. சிக்கரி கலந்த மென்தூளைத் திணித்தால் வழி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் உள்ள பாத்திரத்தில் அது விளையாட்டல்ல.

சிக்கரி என்றதும் முகம் சுளிக்கும் புதிய காபி ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது, கஃபீன் துளியும் கிடையாது. காபியைவிட எளிதாக நீரில் கரைவதால் நிறமும் கனமும் தருகிறது. அதாவது, கறுப்பாக இருக்கிறதே என்று "ஸ்ட்ராங்" பட்டம் கொடுக்கிறோமே, அதில் ஒரு பகுதி வெறும் வேர். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். திருப்பிப் பார்த்தால் 53க்கு 47 என்று கண்ணில் படும். என் அளவு 85க்கு 15. பாலோடு சேரும்போது அந்தப் பதினைந்து அழகாக நிற்கிறது. முப்பதைத் தாண்டினால் காபி விருந்தாளியாகிவிடுகிறது.

கொட்டை வாங்கும் கடையில் "பீபெர்ரியா, பிளாண்டேஷன் ஏ-வா?" என்று கேட்பார்கள். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முகம் பார்த்துத் தட்டையாக இருக்கும். ஒன்றே ஒன்று உருண்டு திரண்டால் அது பீபெர்ரி. பிளாண்டேஷன் என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகா இனக் காபி. 'ஏ' என்பது கொட்டையின் அளவு. சிக்கரியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு இவ்விரண்டையும் என் நாக்கு பிரித்தறியவில்லை. விலை குறைவு என்று ஒதுக்கப்படும் ரொபஸ்டா என்ற இன்னொரு இனத்தைக் கால் பங்கு சேர்த்துப் பாருங்கள், அது தெரியும். கஃபீன் அரபிகாவைப் போல இரட்டிப்பு, கசப்பும் உண்டு, பாலுக்கு அசைந்து கொடுக்காது.

பிரெஞ்ச் பிரஸை இதுவரை தாழ்த்திவிட்டேன். கறுப்புக் காபி குடிப்பவர்களுக்கு அதுதான் முதலிடம். ஏற்காட்டு அரபிகாவை ரவை போல உடைத்து, வெந்நீரில் நான்கு நிமிடம் ஊறவிட்டு, வலையை அழுத்தி, சர்க்கரையில்லாமல் குடித்தால் மெல்லிய பழப் புளிப்பு ஒன்று நாக்கில் படும். ஃபில்டரும் பாலும் அதை மூடிவிடும். ஆனால் கடைத் தூளை இதில் போட்டால் அடியில் சேறு. உலோக வலை கொட்டையின் எண்ணெயையும் விட்டுவிடும். அதிலுள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பை உயர்த்தும். மருத்துவர் எச்சரித்தவர்களுக்குக் காகித வடிகட்டி நல்லது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் எடுத்ததும் ஒரு பித்தளைப் பாத்திரம்தான். துளையிட்டு, மகனின் மை ஒற்றும் தாளை உள்ளே வைத்தாராம். அம்மாவிடம் சொன்னால் மகிழ்வார்.

இன்ஸ்டன்ட் ரயிலுக்கும் அலுவலகத்துக்கும். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஆக, என் வீட்டில் அன்றாடம் எவர்சில்வர் ஃபில்டர், அவசரத்துக்கு மோக்கா, ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக இருந்தால் பிரஸ். பெரியப்பா அடுத்த மாதம் மறுபடி வருகிறார். ரயில் நாலே முக்காலுக்கு. அடைத்துக்கொண்ட மேல் கிண்ணத்தை நேற்றே சுடரில் காட்டி, துளைகளில் இறுகிப்போன தூளை எரித்துத் தட்டியாயிற்று. வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாத் துளையும் தெரிகிறது.