மகெலேலேயா, கான்டேயா? உங்கள் அணிக்கு யார் வேண்டும்?

என்கோலோ கான்டே 2016இல் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு வந்ததுமே "அடுத்த மகெலேலே" என்ற பட்டத்தை அவர் முதுகில் ஒட்டிவிட்டார்கள். ஏன் என்று புரிகிறது. இருவரும் பிரான்ஸுக்கு ஆடிய மிட்ஃபீல்டர்கள், உயரம் குறைவு, செல்சியில் பிரீமியர் லீக் வென்றவர்கள், கோல் போட்டுப் பேர் வாங்காமல் எதிரணிக் காலிலிருந்து பந்தைப் பறித்தே பேர் வாங்கியவர்கள். ஆனால் இருவருடைய ஆட்டத்தையும் முழுசாக உட்கார்ந்து பார்த்தால், இரண்டும் ஒரே வேலை இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மகெலேலே காவல் நிற்கிறவர், கான்டே வேட்டைக்குப் போகிறவர். யார் பெரிய ஆள் என்று சண்டை போடுவதற்கு முன்னால் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலில் மூத்தவர். கிளோத் மகெலேலே 1973இல் கின்ஷாசாவில் பிறந்து, சின்ன வயதிலேயே பிரான்ஸுக்கு வந்தவர். 1995இல் நான்ட் அணி பிரெஞ்சு லீக்கை வென்றபோது அவர் வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார் என்றால் இன்றைக்குப் பலர் நம்ப மாட்டார்கள். மார்செய், அப்புறம் ஸ்பெயினில் செல்டா விகோ என்று போய், 2000இல் ரியல் மாட்ரிட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் நடுக்களத்தின் அடிப்பகுதியில் நிற்கும் ஆளாக மாறியிருந்தார். அங்கே ராபர்ட்டோ கார்லோஸ் பேருக்குத்தான் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓர டிஃபென்டர், பாதி நேரம் எதிரணி கோல் பக்கம்தான் இருப்பார். அவர் மேலே கிளம்பும்போதே மகெலேலே சத்தமில்லாமல் இடது பக்கம் நகர்ந்திருப்பார். பந்து இன்னும் பறிபோகவே இல்லை, ஆனால் பறிபோனால் எந்த வழியாக வரும் என்று கணக்குப் போட்டு அங்கே போய் நின்றிருப்பார். வந்த பந்தை எடுத்து, ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஜிதானிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் தன் இடத்துக்கு வந்துவிடுவார், அவ்வளவுதான். டிவியில் பார்த்தால் இந்த ஆள் எதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்று தோன்றும்.

கிளப் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2003 கோடையில் பெக்கம் வந்தார். நட்சத்திரங்களில் பாதிகூட வாங்காத மகெலேலே சம்பளம் கூட்டிக் கேட்டார், முடியாது என்றார்கள், அவர் செல்சிக்குப் போய்விட்டார். அவருடைய நுட்பம் சுமார்தான், பாஸ் எல்லாம் பக்கவாட்டிலும் பின்னாலும்தான் போகும், அவர் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது என்று பெரெஸ் பேசியது இன்றைக்கும் கால்பந்து ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கிற விஷயம். ஏனென்றால் ரியல் மாட்ரிட் அடுத்த லீக் பட்டத்தைப் பார்க்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியாயமாகச் சொன்னால், அதே கோடையில் கோச் டெல் போஸ்கேவையும் கேப்டன் இயேர்ரோவையும் சேர்த்தே அனுப்பினார்கள், அதனால் மொத்தப் பழியையும் ஒரு மகெலேலே இல்லாததன் மேல் போட முடியாது. ஆனாலும் ஜிதான், ஃபிகோ, ரவுல், ரொனால்டோ, பெக்கம் எல்லோரும் இருந்தும் ஒரு அணி நடுவில் அப்படி ஓட்டையாகக் கிடந்ததற்கு வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

செல்சியில் கோச் மொரீன்யோ மகெலேலேயை வைத்துத்தான் இங்கிலாந்தின் 4-4-2 (நான்கு டிஃபென்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) பழக்கத்தையே உடைத்தார். கணக்கு எளிது. எதிரணிக்கு நடுவில் இரண்டு பேர். செல்சிக்கு முன்னால் லாம்பார்டும் இன்னொருவரும், பின்னால் மகெலேலே, ஆக மூன்று பேர். பின்னால் நிற்கும் மகெலேலேயை யார் பிடிப்பது? ஒரு மிட்ஃபீல்டர் மேலே வந்தால் லாம்பார்ட் சும்மா நிற்பார், ஒரு ஸ்ட்ரைக்கர் இறங்கி வந்தால் தாக்குதலில் ஆள் குறையும். 2004-05 சீசனில் 38 ஆட்டங்களில் செல்சி வாங்கிய கோல்கள் வெறும் 15. அந்த சீசனின் கடைசி சொந்தக் களத்து ஆட்டத்தில் சார்ல்டனுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது. செல்சிக்கு வந்து ஒரு கோல்கூடப் போடாத மகெலேலேயை அடிக்கச் சொன்னார்கள். அவர் அடித்ததைக் கீப்பர் தடுத்துவிட்டார், திரும்பி வந்த பந்தைத் தட்டுத்தடுமாறி உள்ளே தள்ளினார். பிரான்ஸுக்காக 71 ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட இல்லாத மனிதர், அதனால் அன்றைக்கு அந்த அணியின் கொண்டாட்டம் பார்க்கவே நன்றாக இருந்தது.

கான்டே வந்த வழியே வேறு. 1991இல் பாரிஸில், மாலியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆள் சின்னதாக இருக்கிறார் என்று பெரிய அகாடமிகள் எடுக்கவில்லை. 21 வயதில் பிரான்ஸின் மூன்றாம் பிரிவில் பூலோனுக்கு ஆடிக்கொண்டிருந்தார், அப்புறம் கான் அணியோடு இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறினார். 2015இல் லெஸ்டர் சிட்டி அவரைச் சுமார் 56 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது இங்கிலாந்தில் யாருக்கும் பேர்கூடத் தெரியாது. ஒன்பது மாதத்தில் 5000-க்கு 1 என்று பந்தயம் கட்டப்பட்ட அணி சாம்பியன்! அந்த சீசனில் அவர் செய்த டேக்கிள்கள், அதாவது எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிக்கப் பாய்ந்தவை, 175, லீக்கிலேயே அதிகம்.

சரி, ஆள் போனதும் அணி என்ன ஆனது என்று பெரெஸுக்கு வைத்த அதே பரிசோதனையை இங்கேயும் வைப்போம். கான்டே போன அடுத்த சீசனில் லெஸ்டர் 12ஆம் இடம், நடுவிலேயே கோச் ரனியேரியின் வேலை போனது. கான்டே வந்து சேர்ந்த செல்சியோ முந்தைய சீசனில் 10ஆம் இடம், அவரோடு சாம்பியன். அதே கோடையில் கோச் அன்டோனியோ கோன்டே வந்து மூன்று டிஃபென்டர் முறைக்கு மாற்றியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த இரண்டு வருடம் வேறு வேறு கிளப்புக்கு ஆடி இங்கிலாந்து பட்டம் வெல்வது கான்டோனாவுக்குப் பிறகு களத்து ஆட்டக்காரர் யாரும் செய்யாத காரியம். ஒருவர் போன இடம் சரிந்தது மட்டுமில்லை, வந்த இடமும் எழுந்தது. இந்தச் சோதனையில் கான்டேதான் ஜெயிக்கிறார் என்பது என் தீர்ப்பு.

2018இல் சர்ரி செல்சிக்குக் கோச்சாக வந்து ஜோர்ஜீன்யோவைப் பின்னால் நிறுத்தி, கான்டேயை வலது முன்பக்கம் அனுப்பியபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். மகெலேலே இடத்தில் நிற்க வேண்டிய ஆளை எங்கே அனுப்புகிறீர்கள் என்று. எனக்கு அன்றும் சர்ரி செய்தது பாதி சரி என்றுதான் பட்டது, கான்டேயை ஒரே இடத்தில் நிற்கவைத்தால் அவருடைய பலத்தில் பாதி வீண். 2021 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்கள், எதிரில் ரியல் மாட்ரிட். முதல் கோலுக்கு வெர்னரோடு பந்தை மாற்றி வாங்கி ஹாவெர்ட்ஸுக்குக் கொடுத்தது கான்டே. இரண்டாவது கோலுக்கு, 85ஆவது நிமிடத்தில், எதிரணிப் பாதியில் பந்தைப் பறித்துப் புலிசிக்கிடம் தள்ளியதும் அவரே. மகெலேலே அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்திருக்கவே மாட்டார், இருந்தால் அது அவருக்குத் தப்பு. இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோச் கார்டியோலா காவல் மிட்ஃபீல்டர் ஒருவரையும் தொடக்க அணியில் போடவில்லை, செல்சி பக்கம் கான்டே ஆட்ட நாயகன். அது எனக்குக் கொஞ்சம் குரூரமான வேடிக்கையாகப் பட்டது.

கான்டே தோற்கிற இடமும் உண்டு, உடம்பு. ஓடிப் பிடிக்கிற ஆட்டம் காலை வாங்கிவிடும். 2022இல் தொடைத் தசையில் அறுவை சிகிச்சை, உலகக் கோப்பை போச்சு. மகெலேலேயோ 35 வயதில் 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கூடுதல் நேரம் முழுக்க ஆடினார், பிறகு பாரிஸ் செயின்ட் ஜெர்மனில் 38 வரை. நிற்கத் தெரிந்தவருக்கு ஆயுள் அதிகம். என்ன, சவூதிக்குப் போன பிறகும் 33 வயதில் யூரோ 2024இன் முதல் ஆட்டத்திலேயே ஆட்ட நாயகனாகி, கதை முடிந்தது என்று எழுதியவர்களை கான்டே வாயடைக்க வைத்தார்.

நாட்டுக்கு ஆடிய கணக்கில் மகெலேலே பாவம். பிரான்ஸ் வென்ற 1998 உலகக் கோப்பை, யூரோ 2000 இரண்டிலும் அவர் அணியில் இல்லை. 2004இல் விலகி, 2005இல் ஜிதான், துராமோடு திரும்பி வந்து, 2006 உலகக் கோப்பையில் வியெராவோடு நடுவில் சுவர் கட்டினார். ஏழு ஆட்டத்தில் பிரான்ஸ் வாங்கியது மூன்றே கோல், கடைசியில் பெனால்டியில் போனது. கான்டே கையில் 2018 உலகக் கோப்பை இருக்கிறது. ஆனால் இறுதி ஆட்டத்தில் மஞ்சள் அட்டை வாங்கி 55ஆவது நிமிடத்திலேயே வெளியே போனார், கோப்பையைத் தூக்கவே கூச்சப்பட்டு ஓரமாக நின்ற ஆளிடம் கூட இருந்தவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அதனால் கோப்பையை மட்டும் வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்காதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே நான்கு நட்சத்திரங்கள், மேலேயே சுற்றும் இரண்டு ஃபுல் பேக்குகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மகெலேலே. சுமாரான அணியை வைத்துக்கொண்டு எப்படியாவது மேலே வர வேண்டும் என்றால் கான்டே. ஒரே ஒருவர்தான், எந்த அணி என்று தெரியாது என்றால் நான் கான்டேயை எடுப்பேன், லெஸ்டர், செல்சி, பிரான்ஸ் என்று மூன்று விதமான அமைப்பில் ஜெயித்துக் காட்டியிருக்கிறாரே. இருவரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பின்னால் மகெலேலே, வலது பக்கம் கான்டே, எதிரணிக்கு நல்ல காலம் இல்லை. மூன்றாவது இடத்துக்கு வியெராவா போக்பாவா என்பது தனிச் சண்டை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.