மார்கழி 22: 64 புயலோ 2018 வெள்ளமோ?

இலங்கையின்ர வடக்கில இருக்கிற வன்னியில மார்கழி (டிசம்பர்) 22 எண்டா வயசுபோனாக்கள் 1964 எண்டுவினம், எங்கட வயசுக்காரர் 2018 எண்டுவம், ஒரே திகதி, இடையில 54 வருசம்.

64இல வந்தது காத்து. கிழக்குக் கரையால ஏறி வவுனியாப் பக்கத்தால வன்னியைக் குறுக்கறுத்து மன்னார்க் கடலுக்க இறங்கி அண்டிரவே தனுஷ்கோடியை அழிச்சுப்போட்டுது, அங்க ஓடிக்கொண்டிருந்த ரயிலையும் சனத்தோட கடல் கொண்டுபோட்டுது. இஞ்ச மரமும் கூரையும் பறந்த கதையை அம்மம்மா இப்பவும் குரலைக் குறைச்சுத்தான் சொல்லுவா.

2018இல புயலே இல்லை, வெறும் மழை! 21ஆந் திகதி இரவு கொட்டினது, கனகராயன் ஆத்துத் தண்ணி முழுக்க கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்க வர வான்கதவுகளைத் திறந்துவிட்டினம், விடியேக்க பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம், வயல், ஆடு மாடு எல்லாம் போச்சு, சனம் பள்ளிக்கூடங்களில. கதவை நேரத்தோட திறந்திருக்கலாமெண்டு பிறகு பெரிய பிரச்சினையும் வந்தது.

என்னைக் கேட்டா பயங்கரம் 64தான். ஆனா அதில ஆரையும் பேசேலாது, காத்துக்கு ஆர் கதவு போடுறது? 2018 நினைச்சா பயத்தைவிடக் கோவம்தான் வருது.