15 வருடத்துக்கும் மேலாக ஆடும் 'ஸ்பைடர்மேன் 2': அன்றைய விமர்சனமும் என் அனுபவமும்

பிளேஸ்டேஷன் 2-இல் 'ஸ்பைடர்மேன் 2' வீடியோ கேமின் டிஸ்க்கை நான் முதலில் போட்டது 2007-இல். கேம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இன்றும் மாதம் ஒரு தடவையாவது அந்தப் பழைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டி டிவியில் மாட்டுகிறேன். கதையை ஐந்தாறு முறை முடித்தாயிற்று. இப்போதெல்லாம் கதைப் பக்கமே போவதில்லை. மன்ஹாட்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வலையைப் பிடித்து ஆடிக்கொண்டே போய்வருவேன், அவ்வளவுதான். அதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

சினிமாவை ஒட்டி வரும் கேம் என்றாலே அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள். படம் வரும் நாளில் கடையில் இருக்க வேண்டும் என்று அவசர அவசரமாகச் செய்து தள்ளுவார்கள். இதற்கும் அதே நெருக்கடிதான். அமெரிக்காவில் படம் 2004 ஜூன் 30-இல் வந்தது, கேம் அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 28-இல் வந்தது. உருவாக்கியது ட்ரேயார்க், வெளியிட்டது ஆக்டிவிஷன். ஆனால் விமர்சகர்கள் இதை வழக்கமான படக் கேமாக ஒதுக்கவில்லை. விமர்சனங்களைத் தொகுத்து நூற்றுக்கு மதிப்பெண் போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில், பிளேஸ்டேஷன் மாதிரியான கன்சோல்களுக்கு வந்த பதிப்புகளின் மதிப்பெண் 80-ஐ ஒட்டி நின்றது. கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வலையில் ஆடுவது அற்புதம், மற்ற வேலைகள் எல்லாம் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே வருகின்றன.

இரண்டும் உண்மை. ஆனால் ஒரு வாரம் ஆடிப் பார்த்து எழுதும்போது இந்த இரண்டுக்கும் இருந்த எடை, இத்தனை வருடம் ஆடிய எனக்கு அப்படியே இல்லை.

முதலில் அந்த வலையைச் சொல்கிறேன். 2002-இல் வந்த முந்தைய கேமில் ஸ்பைடர்மேன் வலை வீசினால் அது மேலே வெறும் வானத்தில் போய் ஒட்டும். கட்டடம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. அடுத்த பாகத்தில் அதை மாற்றியே தீர வேண்டும் என்று நின்றவர் ட்ரேயார்க்கின் ஜேமி ஃப்ரிஸ்ட்ராம். இதில் வலை உண்மையான சுவரில்தான் ஒட்டும். ஒட்டியதும் அந்த இடத்தை நடுவாக வைத்து உடம்பு ஊஞ்சல் மாதிரி வீசி ஆடும். விழுந்த வேகமே ஆட்டத்தின் வேகமாக மாறும்.

சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து குதித்தவர்களுக்கு இது கையிலேயே இருக்கும். அடியில் வரும்போது விட்டால் தூரம் போகலாம், மேலேறும்போது விட்டால் உயரம் கிடைக்கும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கிறேன் என்று வையுங்கள். நான்கைந்து நொடி ஒன்றும் செய்யாமல் விழ வேண்டும். காற்றுச் சத்தம் ஏறும், கீழே மஞ்சள் டாக்சிகள் பெரிதாகிக்கொண்டே வரும். தெருவை உரசுகிற நேரத்தில் பட்டனை அழுத்தினால் வலை ஏதோ ஒரு மூலையில் பற்றி, கார்களின் கூரைக்குச் சற்று மேலே அப்படியே வாரிக்கொண்டு போகும். அரை நொடி தாமதித்தால் தரையில்தான். கட்டடம் வலப்பக்கம் இருந்தால் வளைவும் வலப்பக்கமே திரும்பும். சென்ட்ரல் பார்க்குக்குள் போனால் உயரமான கட்டடம் இல்லாததால் வேகம் செத்துவிடும். அதனால் ஓரத்துத் தெருவைப் பிடித்தே போகப் பழகினேன். அந்த நகரத்தை வரைபடம் பார்த்து நான் கற்றுக்கொள்ளவில்லை, எங்கே வலை ஒட்டும் என்பதை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இதன் அருமை எனக்கு இவ்வளவு தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் என்னிடம் இருந்தது கணினிப் பதிப்பு. பெயர் ஒன்றுதான், ஆனால் அது வேறொரு நிறுவனம் சின்னப் பிள்ளைகளுக்காகத் தனியாகச் செய்தது. திறந்த நகரம் இல்லை. குறித்து வைத்த இடங்களில் மட்டுமே வலை ஒட்டும். பத்திரிகைகளில் படித்த புகழ்ச்சியை நம்பிக் காசு சேர்த்து வாங்கி, ஒரே மாலையில் மனசு விட்டுப்போனேன். நம் ஊரில் அப்போது வீட்டில் கன்சோல் இருந்தவர்கள் குறைவு. இந்த கேம் மோசம் என்று இன்றும் சொல்கிறவர்களிடம் எந்தப் பதிப்பை ஆடினீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, குறைகள். தெருவில் பை பறிப்பவன், கார் திருடன், மாடி விளிம்பில் தொங்கும் ஆள், மூழ்கும் படகு, பலூனைப் பறக்கவிட்டு அழும் குழந்தை. பத்துப் பதினைந்து சம்பவங்கள்தான், அவையே சுழன்று சுழன்று வரும். இப்படி உதவினால் கிடைக்கும் ஹீரோ பாயிண்ட் இத்தனை சேர்த்தால்தான் அடுத்த அத்தியாயம் என்று வேறு கட்டாயம் இருக்கிறது. விமர்சகர்கள் அலுத்துக்கொண்டது நியாயம்தான். அவர்களுக்கு வாரக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். கட்டாயம் தீர்ந்த பிறகு ஆடும் எனக்கு இவை இடைஞ்சலாகத் தெரியவில்லை. போகிற வழியில் யாரோ கூப்பிடுகிறார்கள், இறங்கி உதவிவிட்டுப் போகிறேன். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அப்படித்தான். அந்தத் துள்ளலான இத்தாலியப் பாட்டு ஆரம்பித்ததும் விரல் தானாகத் தயாராகிவிடும்.

காலம் போகப் போகக் கனத்த குறை கேமராதான். சுவரை ஒட்டிச் சண்டை போட்டால் எதிரி எங்கே என்றே தெரியாது. இன்றுவரை எனக்கு அது பழகவில்லை. படத்தின் நாயகன் டோபி மெக்வயர்தான் கேமிலும் பேசினார். அவர் குரலில் உயிர் இல்லை என்று அன்றே எழுதினார்கள், அதுவும் சரி. வில்லன் டாக்டர் ஆக்டோபஸாக வரும் ஆல்ஃபிரட் மோலினா நன்றாகவே பேசியிருக்கிறார். வழிகாட்டியாக வந்து சீண்டிக்கொண்டே இருக்கும் ப்ரூஸ் கேம்ப்பெல்லின் குரல் இன்னும் சலிக்கவில்லை.

2011-இல் மெமரி கார்டு கெட்டு, சேர்த்ததெல்லாம் போனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோதுதான் ஒன்று உறைத்தது: தொடக்கத்தில் வலையில் ஆடும் வேகம் ரொம்பக் குறைவு. பாயிண்ட் கொடுத்து வேகத்தைக் கூட்டும் வரை கேம் தன் முழு முகத்தைக் காட்டுவதே இல்லை. புதிதாக ஆடுகிறவர்கள் முதல் வேலையாக அதை வாங்குங்கள். சண்டை அடிகளெல்லாம் அப்புறம்.

இன்சோம்னியாக் நிறுவனம் செய்து 2018-இல் வந்த ஸ்பைடர்மேனும் என்னிடம் இருக்கிறது. சண்டை, கதை, அழகு எல்லாவற்றிலும் அது எங்கேயோ இருக்கிறது. ஆனால் அதில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, கை தவறினாலும் கேமே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். 2023-இல் வந்த அதன் அடுத்த பாகத்தில், அந்தத் தாங்கலைக் குறைத்துக்கொள்ளவும் விழுந்தால் அடிபடும்படி வைத்துக்கொள்ளவும் வசதி கொடுத்தார்கள். பழையதை மறக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

போன மே மாத லீவில் அக்கா மகன் வந்திருந்தான். 2018 கேமில் புலி. என் பழைய கேமின் கன்ட்ரோலரை வாங்கி, அதில் ஒரு மாடியிலிருந்து குதித்தான், நேராகத் தரையில் மோதினான். பத்துத் தடவையாவது விழுந்திருப்பான். அப்புறம் நிறுத்திவிட்டு, "மாமா, இதுல வலை எங்க ஒட்டும்னு பாத்துத்தான் போடணுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒன்றும் பேசாமல் மறுபடி சுவரேற ஆரம்பித்தான். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை.