வேர் அழுகலைக் கண்டுபிடிக்க ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா?

நாற்றங்கால் வைத்திருப்பவர்கள், மிளகாய், கடலை போடுபவர்கள் வாங்கலாம். ஆனால் இதில் எது தெரியும், எது தெரியாது என்று புரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் ஆய்வகத்தில் உருவான காகித மைக்ராஸ்கோப் இது. தாளை நாமே மடித்துக் கோர்க்க வேண்டும். உருண்டையான குட்டி லென்ஸ் ஒன்று, 140 மடங்கு பெரிதாக்கும், 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும், போன் கேமராவோடு ஒட்டிப் படம் எடுக்கக் காந்தமும் உண்டு. தாள் சீக்கிரம் கிழியாது, ஈரக் கையோடு எடுக்கலாம், தோட்டத்துக்கு அது போதும்.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், மருந்துக்காகத்தான். நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்கிறது என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் கார்பென்டசிம் என்ற பூஞ்சாண மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் சாய்த்தது பித்தியம் என்ற நுண்ணுயிர் என்றால் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் பித்தியம் உண்மையில் பூஞ்சாணமே இல்லை, பழுப்புப் பாசிகளுக்கு உறவு. அதற்கு மெட்டலாக்சில் என்ற வேறு மருந்துதான் கேட்கும். அதே மெட்டலாக்சிலை மட்டும் ரைசோக்டோனியா என்ற பூஞ்சாணம் வந்த பாத்திக்கு ஊற்றினால் காசுதான் வீண். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சாவு!

இந்த இரண்டையும் பிரிக்க ஃபோல்ட்ஸ்கோப் நன்றாகவே உதவுகிறது. ரைசோக்டோனியாவின் இழை தடிமனாக, வயதானால் பழுப்பாக இருக்கும், கிளை ஏறக்குறைய செங்குத்தாகப் பிரியும், பிரியும் இடத்தில் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். எவ்வளவு தேடினாலும் வித்து (பூஞ்சாணம் பரவ உதவும் நுண்ணிய விதை போன்றது) கிடைக்காது. பித்தியத்தின் இழை மெல்லியது, நிறமற்றது, குறுக்குச் சுவர் அநேகமாக இருக்காது, வேருக்குள் உருண்டை உருண்டையாக வித்துகள் இருக்கும். ஃபுசேரியம் என்ற இன்னொரு பூஞ்சாணம் என்றால் அரிவாள் வடிவ வித்துகள். குறுக்குச் சுவரைப் பார்க்கக் கண் பழக வேண்டும், ஒரு சொட்டு காட்டன் புளூ சாயம் விட்டால் சுலபம்.

ஆனால் மாதிரி எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செத்துக் கருகிய வேரைப் பிடுங்கிப் பார்த்தால் ஆஸ்பெர்ஜில்லஸ், டிரைக்கோடெர்மா என்று பிணம் தின்ன வந்த பூஞ்சாணங்கள்தான் தெரியும், கொன்றவன் தெரியமாட்டான். நல்ல பகுதியும் அழுகலும் சேரும் விளிம்பில் சின்னத் துண்டாக வெட்டிக் கழுவி, ஈரமான டிஷ்யூ போட்ட டப்பாவில் மூடி ஓரிரு நாள் வையுங்கள். கிளம்பும் இழையைச் செலோ டேப்பில் ஒற்றி எடுத்துப் பாருங்கள்.

கடலையில் வரும் தண்டழுகலுக்கு எந்த மைக்ராஸ்கோப்பும் தேவையில்லை. தண்டடியில் வெள்ளைப் பூஞ்சை, கூடவே கடுகு போலப் பழுப்பு மணிகள் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்ற பூஞ்சாணம். எள், உளுந்து வேரைக் கிழித்தால் கரித்தூள் தூவியது மாதிரி இருக்குமே, மேக்ரோஃபோமினா என்ற பூஞ்சாணம், அது தனித்தனிக் கருமணிகளாக இதில் அழகாகத் தெரிகிறது. புல்வெளியில் வட்டமாகப் பழுப்படிக்கிறது என்றால் பனி காய்வதற்குள் ஓரத்துப் புல்லை எடுத்துப் பாருங்கள், இழை சிக்கினால் அநேகமாக அதே ரைசோக்டோனியாவாக இருக்கும்.

வாழை வாடலுக்காக மட்டும் இதை வாங்க நினைத்தால் வேண்டாம். ஃபுசேரியம் என்பது வரை தெரியும், அது டிஆர்4 என்ற கொடிய வகையா என்பது லட்ச ரூபாய் மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது, டிஎன்ஏ சோதனைதான் வழி. அதற்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மாதிரி கொண்டுபோவதற்கு முன் எந்தப் பகுதியை, எப்படி எடுக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டை பிளாஸ்டிக் பையில் புழுங்க விடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள்.