உட்கார்ந்து ஓட்டும் ரயில்: 11 வருட அனுபவம்

போன வாரம், ஆள் உட்கார்ந்து ஓட்டும் என் குட்டி ரயிலின் பேட்டரி எஞ்சினுக்கு மூன்றாவது முறையாக செயின் மாற்றினேன். பழைய செயினைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்த வண்டி ஓட ஆரம்பித்து 11 வருடம் ஆகிவிட்டது என்று உறைத்தது. புதிதாகக் கட்டியவர்கள் முதல் மாத மகிழ்ச்சியை எழுதுகிறார்கள். பத்து வருடம் கழித்து எது தேய்ந்தது, எது தாங்கியது என்று சொல்ல ஆள் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு எஞ்சின்கள். ஒன்று நான்கு சக்கர பேட்டரி ஷண்டர் (பெட்டிகளை இழுத்துத் தள்ளும் சிறிய வகை எஞ்சின்), நானே கட்டியது. மற்றது ஐந்து வருடத்துக்கு முன் வந்து சேர்ந்த சிறிய நிலக்கரி நீராவி எஞ்சின். இரண்டும் 7¼ அங்குல கேஜ். அதாவது தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே 184 மி.மீ. பின்னால் கோக்கும் ட்ராலியில் பெரியவர்கள் இருபுறமும் கால் போட்டு உட்காரலாம்.

கேஜ் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பிரிட்டனில் 7¼ அங்குலம் வழக்கம். வட அமெரிக்காவில் பெரும்பகுதி 7½. வித்தியாசம் ஆறு மி.மீ.தான், ஆனால் ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. 5 அங்குல கேஜும் நல்லதே, எஞ்சினைத் தூக்கி காரில் வைத்துவிடலாம். எது பெரிது, எது சிறிது என்று யோசிப்பதைவிட, நீங்கள் போய் ஓட்டக்கூடிய தடம் எந்த கேஜில் இருக்கிறது என்று பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். எஞ்சின் கட்ட இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன். தண்டவாளத்தை இரண்டே மாதத்தில் போட்டு முடித்தேன். அடுத்த நான்கு வருடம் பட்ட பாடெல்லாம் அந்த அவசரத்தால் வந்தது.

நான் வாங்கியவை 4 மீட்டர் நீள அலுமினியத் தண்டவாளங்கள். குளிர்ந்த ஒரு காலையில், இடைவெளியே விடாமல் முனையோடு முனை ஒட்டவைத்து இறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. மத்தியானம் வெயில் ஏறியதும் நேராகக் கிடந்த தடம் பாம்புபோல் நெளிந்துவிட்டது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.023 மி.மீ. நீளும். 30 டிகிரி ஏறினால் 20 மீட்டர் தடம் கிட்டத்தட்ட 14 மி.மீ. நீண்டுவிடும். எஃகு என்றால் அதில் ஏறக்குறைய பாதி. இப்போது குளிர்ந்த நேரத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் 3 மி.மீ. விடுகிறேன். இரு தண்டவாளங்களை இணைக்கும் தகடான ஃபிஷ்பிளேட்டின் துளைகளை அரத்தால் நீளவாக்கில் ராவி, போல்ட்டுகள் நகர வழி செய்தேன். அப்புறம் நெளியவே இல்லை.

அதைவிடத் தொல்லை தந்தது தடத்தின் முறுக்கு. ஒரு பக்கத் தண்டவாளம் மட்டும் ஒரு மீட்டருக்குள் நாலைந்து மி.மீ. இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஸ்பிரிங் இல்லாத நான்கு சக்கர வண்டிக்கு அது போதும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்; வளைவில் அந்தச் சக்கரத்தின் ஃபிளேஞ்ச் (தடத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் விளிம்பு) தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். என் வண்டி தடம்புரண்டதில் முக்கால்வாசி இப்படித்தான். எஞ்சின் ஆக்சில்களுக்கு ஸ்பிரிங் வைத்தேன். ட்ராலியில் ஒரு போகியை (சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டத்தை) எல்லாப் பக்கமும் அசையவிட்டு, மற்றதை முன்பின்னாக மட்டும் அசையும்படி மாற்றினேன். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காருவதுபோல ட்ராலியும் தடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பட்டறையில் ஒரே ஒரு நாள் வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தபடி மாதம் ஒருமுறை தடம் முழுக்க நடக்கிறேன். இறங்குகிற இடம் எப்போதும் அடியில் தண்ணீர் தேங்கும் இடமாகவே இருக்கிறது. வண்டி போகும்போதெல்லாம் சேறு மேலே பிதுங்கி ஜல்லிக்குள் ஏறுகிறது. அங்கே மேலும் மேலும் ஜல்லி கொட்டிப் பயனில்லை. தோண்டி, தண்ணீர் வடிய வழி வெட்டி, மண்ணும் ஜல்லியும் கலக்காதபடி நடுவில் துணி விரித்துவிட்டுத்தான் ஜல்லி போட வேண்டும். மர ஸ்லீப்பர்கள் ஐந்தாம் வருடமே உளுத்துவிட்டன. மறுசுழற்சி பிளாஸ்டிக் கட்டைகளுக்கு மாறினேன், இதுவரை குறையில்லை.

பேட்டரி எஞ்சினுக்கு வருகிறேன். 24 வோல்ட் மோட்டார், கன்ட்ரோலர், செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் கிளம்பும். இத்தனை வருடத்தில் மோட்டார் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. தேய்வது செயினும் ஸ்ப்ராக்கெட்டும்தான். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புது செயினைப் போடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆறாம் வருடம் ஈய பேட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் வைத்தேன். சார்ஜ் அருமையாக நின்றது, ஆனால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. எடையில் 35 கிலோ குறைந்திருந்தது! உலர்ந்த தடத்தில் எஃகுச் சக்கரத்தின் இழுவை, அதன் மேல் இறங்கும் எடையில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான். 35 கிலோ போனால் ஏழெட்டு கிலோ இழுவை போய்விடும். நூறுக்கு ஒன்று ஏற்றத்தில் 500 கிலோ வண்டியை மேலே தள்ளவே 5 கிலோ விசை கூடுதலாக வேண்டும். இரும்புத் தகடுகளை உள்ளே அடுக்கிய பிறகுதான் பழைய பிடி திரும்பியது.

லித்தியத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அதன் பாதுகாப்பு சர்க்யூட் சட்டென்று துண்டித்துவிடும், அந்த நொடியே பிரேக் போய்விடும். எனக்கு ஒருமுறை நடந்தது. இப்போது முழுக்க சார்ஜ் ஏற்றுவதில்லை, ட்ராலியில் கைப்பிரேக் இல்லாமல் கிளம்புவதும் இல்லை.

நீராவி வேறு உலகம். செப்பு பாய்லரை அனுபவசாலி ஒருவரிடம் செய்து வாங்கினேன். அதில் நானே செய்து பார்க்கும் ஆசைக்கு இடமில்லை. சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் பாய்லரைப் புதிதில் தண்ணீர் நிரப்பி 180 பவுண்டுக்கு ஏற்றிச் சோதித்தோம். தண்ணீர் அமுங்காது, எங்காவது விட்டுப்போனாலும் கசிவோடு நின்றுவிடும், வெடிக்காது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு தனித்தனி வழிகள் கட்டாயம். வெயில் நாட்களில் பக்கவாட்டு டேங்க் சூடாகிவிட்டால், நீராவியின் வேகத்தால் தண்ணீரை உள்ளே தள்ளும் இன்ஜெக்டர் தண்ணீரை எடுக்காமல் துப்பும். அப்போது சக்கர அச்சு சுழல்வதால் இயங்கும் ஆக்சில் பம்ப்தான் காப்பாற்றும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் கண்ணில் படாவிட்டால் வண்டியை நிறுத்தி நெருப்பை இறக்குங்கள். அடுப்பின் மேல்தகடு தண்ணீரில்லாமல் காய்ந்தால் பாய்லர் அதோடு போயிற்று.

தீ மூட்டி அழுத்தம் ஏற முக்கால் மணி நேரம். ஓட்டி முடித்துச் சாம்பல் எடுத்து, குழாய்களைத் துடைத்து, எண்ணெய் போட இன்னொரு மணி நேரம். ஒரே ஒரு எஞ்சின்தான் என்றால் பேட்டரியைத்தான் சொல்வேன். ஆனால் ஏற்றத்தில் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறக்கும்போது புகைபோக்கியிலிருந்து வரும் அந்த நாலு தட்டுத் தாளம் கேட்டு, சுமை கூடுவதைக் கையால் உணர்வது இருக்கிறதே, அதற்காக அந்த ஒரு மணி நேரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். வால்ட் டிஸ்னி 1950இல் தன் வீட்டுத் தோட்டத்தில் இதே 7¼ அங்குல கேஜில் கரோல்வுட் பசிஃபிக் என்ற ரயிலை ஓட்டினார். 1953இல் விருந்தினர் ஒருவர் வளைவில் வேகமாக ஓட்டித் தடம்புரள, வெளியேறிய நீராவியில் ஒரு சிறுமி காயப்பட்டாள். டிஸ்னி அதோடு ரயிலை நிறுத்திவிட்டார். என் தடத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர்தான் உச்சம். குழந்தைகள் ஏறினால் கால்கள் கால்பலகையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விசில் அடிப்பேன்.

அடுத்த மாதம் பாய்லருக்கு மறு சோதனை. அதற்குள் பெரிய வளைவில் ஆறு மீட்டர் தடத்தைத் தூக்கி, அடியில் வடிகால் வெட்ட வேண்டும். அங்கே மறுபடியும் 4 மி.மீ. இறங்கியிருக்கிறது.